கதவைச் சாத்திக் கேட்ட கேள்விகள்

எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவில் இருந்தவர்கள் யாரும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு பொழுதுகூட இருந்து பார்த்ததில்லை என்பது, அவர்கள் எனக்குத் தந்த விதிகளைப் படித்ததுமே விளங்கிவிட்டது. நேர்காணலைத் தனியறையில் நடத்த வேண்டுமாம். கதவு சாத்தியிருக்க வேண்டுமாம். பேசுகிற பேச்சு மூன்றாம் ஆள் காதில் விழக் கூடாதாம். கொழும்பில் மாடி வீட்டில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் நல்ல விதிகள்தான்.

ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஓடுகிற லயத்தில் ஒரு காம்பராவையும் அடுத்த காம்பராவையும் பிரிக்கிற சுவர் பல இடங்களில் கூரைவரைக்கும் போவதே இல்லை. இந்த வீட்டில் குழந்தை தும்மினால் அந்த வீட்டில் இருந்து "நூறு" என்று சத்தம் வரும். பகலில் கதவு சாத்தியிருந்தால், ஒன்று உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கும், இல்லாவிட்டால் கல்யாணப் பேச்சு நடக்கும். ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? குழுவின் முன்னால் நின்று சொல்லியும் பார்த்தேன். எல்லோரும் மிகக் கவனமாகத் தலையாட்டிக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, விதியில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாமல் திருப்பித் தந்தார்கள்.

நான் அப்போது முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். இந்தப் பெயரை வீட்டில் சொன்ன அன்று அம்மா, "அது டாக்டருக்குக் கீழயா, டீச்சருக்கு மேலயா?" என்று கேட்டார். இன்றுவரை எனக்குச் சரியான பதில் தெரியாது. பகுதி நேரமாக முதலாம் ஆண்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் பாடமும் எடுத்தேன். என் ஆய்வு, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி, வந்து, பெட்டியை விடுதியில் வைத்து, பிறகு பாதியில் காணாமல் போகிற தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றியது. நிர்வாகப் பதிவேட்டில் அப்படிப்பட்டவர்களுக்கு நேரே "தொடர்பில் இல்லை" என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொடர்பில் இல்லாதது யார்? லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போய், யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. ஒரு கடிதத்தை அதுவும் இங்கிலீசில் போட்டுவிட்டு, மாணவர் நலனுக்கு ஆவன செய்தோம் என்று அறிக்கை எழுதுவார்கள்.

என் ஆய்வை மேற்பார்த்த பேராசிரியர் ஒரு சிங்களவர். என் கோபத்தை எல்லாம் பொறுமையாகக் கேட்பார். கடைசியில், "இதில் பாதியை அடிக்குறிப்பில் போடுங்கள், மீதியை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்பார். அவர் எனக்குச் சொன்ன ஒரே கண்டிப்பு இதுதான்: போய்க் கேளுங்கள், பதிவு செய்யுங்கள், யாருக்கும் புத்தி சொல்லாதீர்கள். ஆராய்கிறவள் கை பட்டு எதுவும் மாறிவிடக் கூடாது.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மடுல்சீமைக்குப் போனேன். பசறையைத் தாண்டியதும் பஸ் பாதையோடு சண்டை போட ஆரம்பித்துவிடும். இறங்கி, தேயிலைக்கு நடுவே ஏறி, லயத்தை அடைந்தபோது எனக்கு மூச்சு முட்டியது. எனக்கு முன்பே சேதி போய்விட்டது. பாதையில் கண்ட ஒரு பிள்ளையிடம்தான் வழி கேட்டிருந்தேன். நான் போய்ச் சேர்கையில் லயத்தின் முன் திண்ணையான இஸ்தோப்பு முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் தேடிப்போன பெண் முதலாம் ஆண்டில் பாதியில் போனவள். அவளுடைய அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மா குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தார். அப்பா எழுந்து நின்று, தோளில் கிடந்த துவாயால் நாற்காலியைத் தட்டி எனக்குப் போட்டார்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. என்னா விசயமா வந்தீங்க?"

"கம்பஸ்ல இருந்து வாறேங்க. ஒங்க மகளோட கொஞ்சம் தனியாப் பேசணும்."

இஸ்தோப்பில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். அப்பா என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு, "பேசுங்க, பேசுங்க" என்றார்.

நான் விதிப்படி எல்லாம் சொன்னேன். விருப்பம் இருந்தால் மட்டும் பதில் சொன்னால் போதும். பிடிக்காவிட்டால் எந்த நேரமும் வேண்டாம் என்று சொல்லலாம், நாங்கள் மனவருத்தப்பட மாட்டோம். இங்கே பேசியது வெளியே போகாது, யார் பெயரும் அடிபடாது. அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். இப்படி நாகரிகமாகப் பேசுகிற ஆட்களை அவர் அதுவரை கண்டதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அது எதனால் என்றுதான் எனக்கு அப்போது தெரியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

மெலிந்த பெண். முகத்தில் ஒரு கெட்டித்தனம் இருந்தது. என்னை மிஸ் என்றுதான் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் இருக்க இரண்டு பேரும் ரகசியம் போலப் பேசினோம். நான் ஆங்கிலத்தில் இருந்த கேள்விகளைத் தமிழாக்கி ஒவ்வொன்றாகக் கேட்டேன். வயது என்ன? கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்? உடம்புக்கு ஏதாவது வருத்தம் உண்டா? விடுதியில் இருந்தபோது சமைத்துச் சாப்பிட்டாயா? நெருக்கமான சிநேகிதர்கள் இருந்தார்களா? இனி எங்கே வாழ ஆசை?

அவள் கதை சின்னதுதான். விடுதியில் டெங்குக் காய்ச்சல் வந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள். மெடிக்கல் சான்றிதழ் எடுத்து அனுப்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உடம்பு தேறுவதற்குள் பண்டாரவளையில் கடை வைத்திருக்கிற ஒரு குடும்பத்தில் இருந்து வரன் வந்துவிட்டது. நல்ல பையன், குறை சொல்ல முடியாது. அப்பாவுக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. டிகிரி முடித்த பெண்ணுக்கு அதைவிடப் படித்த மாப்பிள்ளையை இந்த மலையில் எங்கே போய்த் தேடுவது? படிப்பும் முடிந்து, வரனும் அமையாமல், மகள் தனியாக நின்றுவிடுவாளே என்று அவர் உண்மையாகவே தூக்கம் இல்லாமல் இருந்திருக்கிறார். அந்தக் கவலைக்கு நான் என்ன பதில் சொல்வது? எனக்கே அப்போது முப்பது தாண்டியிருந்தது.

"இனி எப்பிடியும் எடம் போயிருக்கும் இல்லியா மிஸ்?" என்று கேட்டாள்.

போகவில்லை. புதிய பிள்ளைகள் பதிகிற நாளுக்கு முன்னால் திரும்பி வந்து மறுபடி பதிந்தால் அவள் இடம் அவளுக்கே. அந்த நாளுக்குப் பின் போனால் போனதுதான். அது வர அதிக நாள் இல்லை. புத்தி சொல்லக் கூடாது என்பதுதானே கட்டளை, தகவல் சொல்லக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. சொன்னேன். அவள் கண் ஒருமுறை அகன்று சுருங்கியது.

கடைசிக் கேள்வி ஒன்று மிச்சமிருந்தது. "பல்கலைக்கழகம் என்ன செய்திருந்தால் நீ திரும்பி வந்திருப்பாய்?" அதற்கு அவள் வாயே திறக்கவில்லை. என் ஒலிப்பதிவில் அந்த இடத்தில் தகரத்தில் விழுகிற மழையும், பக்கத்து வீட்டு அத்தையின் இருமலும் மட்டும்தான் இருக்கின்றன. அந்த இருமல் சுவருக்கு மிகப் பக்கத்தில் இருந்து வந்தது.

வெளியே வந்தபோது பால் விடாத பிளேன்டியும் பிஸ்கட்டும் தயாராக இருந்தன. கிளம்பும்போது ஒரு பை நிறையப் பட்டர்புரூட்டைக் கையில் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு அத்தை ஒற்றையடிப் பாதைவரைக்கும் கூடவே வந்து, எந்தத் தோட்டம், அப்பா பெயர் என்ன, கூடப் பிறந்தவர்கள் யார் என்று விசாரித்தார். ஒரு தம்பி, பதுளை டவுனில் வேலை என்றேன். "நல்லது, நல்லது. ஒங்களுக்குக் கொலசாமி எங்கனக்குள்ள?" என்றார். குலசாமியை யார் எதற்காகக் கேட்பார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நானோ, தோட்டத்துப் பெண்கள் எவ்வளவு வாஞ்சையாகப் பழகுகிறார்கள் என்று குறிப்பில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தம்பிதான் போன் செய்தான். பதுளையில் ஒரு போன் திருத்துகிற கடையில் வேலை செய்கிறான். திரை உடைந்த போனைக் கொண்டுவந்த யாரோ ஒரு மடுல்சீமைக்காரர், அவனை உற்றுப் பார்த்து, எந்தத் தோட்டம் என்று விசாரித்து, கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார்.

"அக்கா, எனக்குப் பொண்ணு பாத்திட்டியாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என்னடா ஒளறுற?"

"நான் கம்பியூட்டர் இன்ஜினியராம். கூடிய சீக்கிரம் கனடா போறேனாம். எங்க மொதலாளிகூட இன்னைக்கு என்னைய 'வாங்க'ன்னு கூப்பிட்டாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண்ணின் கல்யாண விஷயத்தில் விளையாடிவிட்டோம் என்ற பேர் வந்தால் அதை எந்த நெறிமுறைக் குழு துடைக்கும்? அடுத்த ஞாயிறே உண்மையைச் சொல்லிவிட்டு வருவது என்று மறுபடி மலை ஏறினேன்.

இந்த முறை இஸ்தோப்பில் பாய் விரித்திருந்தது. மிக்சர், முறுக்கு, வாழைப்பழம், கண்ணாடி அலமாரியில் இருந்து இறங்கிய கோப்பைகள். அப்பா புது சாரம் கட்டியிருந்தார். என்னை டீச்சர் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, "வாம்மா" என்றார். நான் தேநீரைத் தொடாமல் சொன்னேன்.

"அண்ணே, ஒண்ணு தெளிவாச் சொல்லிடுறேன். நான் பொண்ணு பாக்க வரல்ல. ஆராய்ச்சிக்குத்தான் வந்தேன்."

அப்பா பக்கத்து வீட்டு அத்தையைப் பார்த்தார். அத்தை அப்பாவைப் பார்த்தார். இரண்டு பேரும் நிறைந்த மனதோடு சிரித்தார்கள்.

"மொத மொத வர்றவங்க அப்பிடித்தாம்மா சொல்லணும். அதுதானே மொறை. எங்க வீட்டம்மாவப் பாக்கப் போனப்ப எங்கப்பா, ஆடு வாங்க வந்தோம்னு சொன்னாரு."

"இல்லைங்கண்ணே, நெசமாவே ஆராய்ச்சிங்க."

"ஆட்டுக்கு வெலகூட பேசினாரு எங்கப்பா."

என் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, அத்தையிடம் காட்டி, பல்கலைக்கழக முத்திரையைத் தொட்டுப் பார்த்துத் திருப்பித் தந்தார். நான் மறுக்க மறுக்க அவருக்கு நம்பிக்கை கூடியது. இத்தனை தடவை மறுக்கிற குடும்பம் எவ்வளவு பெரிய குடும்பமாக இருக்க வேண்டும்! எங்கள் ஆட்களின் முறைகளை நான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, ஆனாலும் அன்று என் கையில் ஒன்றும் இல்லை.

"ஒங்க பக்கம் படிச்ச புள்ளதான் வேணும்னா, அவ படிச்சி முடிக்கட்டும். பண்டாரவளைக்காரவங்களுக்கு நான் சொல்லி விட்டுட்டேன். படிச்ச புள்ளைக்குப் படிச்ச எடம் கெடைக்காதுன்னு நெனச்சேன். இப்ப அந்தப் பயம் இல்ல" என்றார் அப்பா.

அந்த நேரம் அவள் தட்டத்தோடு வந்து நின்றாள். தலை குனிந்திருந்தது, கண் மட்டும் என்னைப் பார்த்தது. அந்தக் கண்ணில் இருந்தது வெட்கம் இல்லை. நான் இன்னும் ஒரு தடவை மறுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். இடம் போகிற நாள் நினைவுக்கு வந்தது. "அவ படிக்கணுங்கறது மட்டும் சத்தியமான நெசம்ணே" என்று சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்தேன். அது பொய் இல்லையே.

பதிவு முடிவதற்குள் அப்பாவே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவளைக் கூட்டிவந்து பதிந்துவிட்டுப் போனார். நான் பேராசிரியரிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த நேர்காணலை ஆய்வில் சேர்க்க முடியாது என்றார். "படிப்பை விட்டவர்களைப் பற்றித்தானே உங்கள் ஆய்வு? உங்கள் தரவு எழுந்து வகுப்புக்குப் போய்விட்டது." எனக்கு வருத்தம்தான். இருந்ததிலேயே நல்ல நேர்காணல் அது.

பிறகு அவளை நடைபாதையிலும் நூலகத்திலும் காண்பேன். மிஸ் எப்போதோ அக்கா ஆகிவிட்டது. அப்பா மாதம் ஒருமுறை எனக்குப் போன் எடுப்பார். மகள் ஒழுங்காகப் படிக்கிறாளா என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு செருமலோடு, "தம்பி நல்லா இருக்காருங்களா?" என்பார். நான் ஒவ்வொரு முறையும், "அண்ணே, அந்தப் பேச்சே இல்லைங்க" என்பேன். "அவசரம் இல்லம்மா, அவசரமே இல்ல" என்று வைத்துவிடுவார்.

அவள் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது தம்பி குண்டைத் தூக்கிப் போட்டான். கடைக்குப் பக்கத்தில் துணிக்கடையில் நிற்கிற பெண்ணோடு அவனுக்கு நெடுநாள் பழக்கமாம். கல்யாணம் நிச்சயம் ஆனது. வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்க, எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அப்பா வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால்? நம்பிக்கை கொடுத்துக் கழுத்தை அறுத்துவிட்டீர்கள் என்று கேட்டால், நான் அத்தனை தடவை மறுத்ததை யார் சாட்சி சொல்வார்கள்? போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. நேரில் போனேன்.

அப்பா முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒங்க தம்பி நல்லா இருக்கட்டும்மா. மனசுல வச்சிக்க ஒண்ணும் இல்ல. உண்மையச் சொன்னா, நானே ஒங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். அவ எழுதுற பரீட்சையையும் வாங்குற மார்க்கையும் பாத்தா, எம் புள்ளைக்கு ஒங்க தம்பி காணாதும்மா."

தம்பியின் தரப்பில் எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது என்பதை மறைப்பானேன். ஆனால் இறங்கி வருகிற வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரமே அவள் என் அறைக்கு வந்தாள். வந்தவள் திரும்பிக் கதவைச் சாத்தினாள்.

"விதிப்படி பேசணும்ல அக்கா" என்றாள். "அந்தக் கதையக் கெளப்பி விட்டது நான்தான்."

நான் கையில் இருந்த பேனாவை மேசையில் வைத்தேன்.

"நீங்க போனதும் அத்தை வந்து, என்னா கேட்டாங்கன்னு கேட்டாங்க. நான் ஒரு பொய்யும் சொல்லல. வயசு கேட்டாங்க, ஒடம்பு எப்பிடின்னு கேட்டாங்க, சமைச்சிச் சாப்பிட்டியான்னு கேட்டாங்க, சிநேகிதம் உண்டான்னு கேட்டாங்க, எங்க வாழ ஆசைன்னு கேட்டாங்க. படிச்சி முடிக்கணும்னா வந்துறு, எடம் இருக்குன்னு சொன்னாங்க. எல்லாம் நெசந்தானே? ஆராய்ச்சிங்கற வார்த்தைய மட்டும் விட்டுட்டேன்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் சிரித்துத் தொலைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தக் கடைசிக் கேள்விக்கு அன்னைக்குப் பதில் சொல்லலல்ல. இப்ப சொல்லவா? நான் வீட்டுல கெடந்த நாள்ல, பஸ் வர்ற சத்தம் கேட்டா எட்டிப் பாப்பேன் அக்கா. கம்பஸ்ல இருந்து யாராச்சும் வந்து, ஏன் வரலன்னு கேப்பாங்கன்னு. ஒங்களக் கண்டப்ப அதுக்குத்தான் வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். நீங்க கேள்வியப் பேப்பர்ல பாத்து வாசிக்க ஆரம்பிச்சப்பதான் இல்லன்னு தெரிஞ்சிச்சி."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டேன். ஆய்வில் எழுத முடியாத பதில் அது. எழுத முடிந்த எதுவும் அதற்கு ஈடாகவும் இல்லை. எனக்கு அவகாசம் கொடுக்கிறவள் போல அவள் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினாள். பிறகு, "இந்த வருசம் வந்ததுல பூனாகலைப் புள்ள ஒண்ணைக் காணோம் அக்கா. ரெண்டு மூணு வாரமா வகுப்புக்கு வரல. போவமா?" என்றாள்.

போனோம். பண்டாரவளையில் பஸ் மாறி, பூனாகலையில் இறங்கி, வழி விசாரித்து ஏறினோம். அங்கேயும் எங்களுக்கு முன்னால் சேதி போயிருந்தது. இஸ்தோப்பில் அப்பா, அம்மா, அக்கம்பக்கம், எல்லோரும் காத்திருந்தார்கள். உள்ளே காம்பராவின் மூலையில் அந்தப் புதுப் பெண் சுவரோடு சுவராக நின்றாள். பழக்கதோஷத்தில் நான் கதவைச் சாத்தப் போனேன்.

மடுல்சீமைக்காரி என் கையைப் பிடித்துத் தடுத்தாள். "தெறந்தே இருக்கட்டும் அக்கா. எல்லாரும் கேக்கட்டும்." நிலைப்படியில் நின்றுகொண்டு, உள்ளே இருக்கிறவளுக்கும் வெளியே இருக்கிறவர்களுக்கும் பொதுவாகக் குரலை உயர்த்திக் கேட்டாள்.

"ஏன் தங்கச்சி வரல்ல?"